நின்றால் மயக்கம், படுத்தால் சரி: இது என்ன வியாதி?

கேள்வி (ஆற்காட்டிலிருந்து ஓர் அம்மா):
என் பெண்ணுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். எட்டு மாதமாகக் காலை இறைவணக்கத்தில் நிற்கும்போது மயங்கி விழுகிறாள். கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். ஹீமோகுளோபின் 12.1. ஈசிஜி, எக்கோ, தலை ஸ்கேன், சர்க்கரை, தைராய்டு எல்லாம் நார்மல். எல்லாம் நார்மல் என்றால் வியாதியே இல்லை, பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். படுத்தால் ஐந்தே நிமிடத்தில் தெளிந்துவிடுகிறாள், அதனால் எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

9 மார்ச் 2024

எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. உங்கள் பெண் நடிக்கவில்லை அக்கா. முதலில் அதை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள், அவள் காதில் விழுகிற மாதிரி.

ஈசிஜியைப் படுக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். எக்கோவும் ஸ்கேனும் அப்படித்தான். அவளுக்குக் கோளாறு வருவதோ நிற்கும்போது. படுத்திருக்கும்போது பார்த்ததெல்லாம் நார்மல் என்று வந்ததில் அதிசயமே இல்லை. நின்றபடி யாராவது நாடி பார்த்தார்களா?

கோவிட் சமயத்தில் வாங்கிய விரல் கிளிப், அந்த ஆக்சிஜன் பார்ப்பது, வீட்டில் எங்கேயாவது கிடக்கும். அது நாடித்துடிப்பையும் காட்டும். பத்து நிமிடம் அசையாமல் படுக்க வையுங்கள், எண்ணைக் குறியுங்கள். அப்புறம் சுவரில் லேசாகச் சாய்ந்து நிற்கட்டும். பேசக்கூடாது, காலை மாற்றி மாற்றி வைக்கக்கூடாது. 1, 3, 5, 10-ஆவது நிமிடங்களில் எண்ணைக் குறியுங்கள். கையில் கட்டும் பிபி மெஷின் கிடைத்தால் அதையும் கூடவே பாருங்கள்.

எனக்கு முதன்முதலில் பார்த்தபோது படுத்திருக்கையில் 74, நின்று பத்தாவது நிமிடம் 126. பிபி மட்டும் விழவே இல்லை. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் கூடி, பிபி விழாமலும் இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே தொடர்ந்தால், வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டர்கள் ஒரு பெயர் சொல்வார்கள். போஸ்ச்சுரல் ஆர்தோஸ்டேட்டிக் டேக்கிகார்டியா சிண்ட்ரோம். சுருக்கமாக பாட்ஸ்.

9 மார்ச், இரவு

ஒன்று விட்டுப்போனது. சோதனை செய்யும்போது தனியாக விடாதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கீழே பாய் விரித்திருக்க வேண்டும். கண் இருட்டுகிறது என்றால் பத்து நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே படுக்க வைத்துவிடுங்கள்.

12 மார்ச்

"துடிப்பு கூடினால் ஏன் மயக்கம் வரவேண்டும், ரத்தம் இன்னும் வேகமாகத்தானே ஓடும்" என்று ஆம்பூர் பக்கத்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன்.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அவ்வளவு கனம். மற்றவர்களுக்கு ரத்தக்குழாய்கள் உடனே இறுகி அதை மேலே ஏற்றிவிடும், இதயம் நிமிடத்துக்குப் பத்து இருபது துடிப்பு கூட்டினால் போதும். எங்களுக்குக் குழாய்கள் சரியாக இறுகுவதில்லை, அல்லது உடம்பில் ரத்தத்தின் அளவே குறைவாக இருக்கிறது. சிலருக்கு நரம்பு விடுகிற கட்டளையே மிதமிஞ்சிப் போகிறது. மேலே வந்து சேருகிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க இதயம் ஓடு ஓடு என்று ஓடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்காது.

எல்லாரும் விழுவதில்லை. பலருக்குப் படபடப்பும் தலைசுற்றலும் மூளை மந்தமும் மட்டும்தான். நான் விழுகிற ரகம்.

17 மார்ச்

வலிப்பு மாத்திரை பற்றி ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் வேலூரில் ஒரு துணிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். ஊர் குடியாத்தம். 2012-இல் கடையில்தான் முதலில் விழுந்தேன். ரத்தசோகை என்றார்கள், இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் வீக்னஸ் என்று சலைன் ஏற்றினார்கள். சலைன் ஏற்றினால் ஒரு நாள், ஒன்றரை நாள் நன்றாக இருப்பேன். இப்போது யோசித்தால் அதுவே எவ்வளவு பெரிய துப்பு! குழாய்க்குள் தண்ணீர் ஏறியதும் சரியாகிறது என்றால் குறை எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

2014 மே மாதம். காலை பஸ்ஸில் உட்கார இடமில்லை. கே.வி.குப்பம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு தாங்கினேன். லத்தேரி தாண்டும்போது காதுக்குள் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது, கண்டக்டர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் தூரமாகிப் போனது. பார்வை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே நடுவுக்கு வந்தது. கீழே விழ இடமில்லாத கூட்டம். சுற்றியிருந்தவர்கள் நல்லவர்கள், இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அதுதான் வினையானது. விழுந்திருந்தால் மூளைக்கு ரத்தம் போயிருக்கும். நிமிர்த்தியே வைத்திருந்ததால் கை கால் வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு, இரும்பு கொடு" என்று யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். நான் விழித்தபோது உள்ளங்கையில் சாவியின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது. கன்றிப்போய் நாலு நாள் இருந்தது அந்தத் தடம்.

அதன் பிறகு 14 மாதம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன். மயக்கத்திலும் சில நொடி கை கால் வெட்டும் என்று எனக்குத் தெரியாது. வலிப்பு வந்தவர் தெளிய நேரமாகும், கொஞ்ச நேரம் குழப்பத்தில் இருப்பார். நான் ஒரு நிமிடத்தில் தெளிந்து "என் பை எங்கே" என்று கேட்பேன். அந்த வித்தியாசத்தை யாரும் விசாரிக்கவில்லை.

2019-இல்தான் ஒரு இளம் டாக்டரம்மா, "படுத்திருக்கும்போது எப்பவாவது வந்திருக்கா?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இல்லை என்றேன். சுவர் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமும் கூடவே நின்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு ரயிலேறி வருகிற ஊர் வேலூர். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு ஏழு வருடம் ஆனது.

யாராவது மயங்கினால் தயவுசெய்து தூக்கி நிறுத்தாதீர்கள், உட்காரவும் வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி ஒரு பையின் மேல் வையுங்கள். முழுசாகத் தெளிகிற வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோடாவும் வேண்டாம்.

18 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தன் தம்பியின் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது! எனக்கே படிப்படியாக டாக்டர் குறைத்துத்தான் நிறுத்தினார். திடீரென்று நிறுத்தினால் உண்மையான வலிப்பு உள்ளவருக்கு ஆபத்து.

இன்னொன்று. ஓடும்போதோ விளையாடும்போதோ விழுவது, படுத்திருக்கும்போது மயங்குவது, நெஞ்சு வலியோடு விழுவது, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விரல் கிளிப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக இதய டாக்டரிடம் போங்கள்.

24 மார்ச்

ஆற்காட்டு அக்கா எண்களை அனுப்பியிருக்கிறார். படுத்து 82, நின்று 118. வித்தியாசம் 36. "30-க்கு மேல் என்றால் பாட்ஸ்தானே" என்று கேட்டார், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். 30 என்பது பெரியவர்கள் கணக்கு. 12 வயதிலிருந்து 19 வயது வரை 40 கூட வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகவே நின்றால் துடிப்பு அதிகம் ஏறும். 9-ஆம் தேதி எழுதியதில் வயதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ராத்திரி ஒரு மணிக்கு ஞாபகம் வந்தது, அதன் பிறகு தூக்கம் வரவில்லை.

எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சாயங்காலம், டிபன் சாப்பிட்டபின், என்றார். காலையில் எழுந்ததும் பாருங்கள் அக்கா. காலையில்தான் ஏற்றம் அதிகமாகத் தெரியும். இறைவணக்கம் ஒன்பது மணிக்கு, அவள் விழுவதும் அப்போதுதானே.

2 ஏப்ரல்

காலை ஆறரை மணிக்குப் பார்த்தது: படுத்து 79, நின்று எட்டாவது நிமிடம் 127. பிபி 108/70, நின்று 110/76. எட்டாவது நிமிடத்திலேயே அவள் முகம் வெளுத்து, கைவிரல்கள் ஊதா நிறமாகி, படுக்க வைத்துவிட்டார்களாம். இரண்டு மூன்று நாள் காலையில் இதையே செய்து நோட்டில் எழுதுங்கள். கேள்வி கேட்காமலே டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். "அடிக்கடி மயக்கம் டாக்டர்" என்றால் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். 79, 127 என்று எழுதி நீட்டினால் அனுப்ப முடியாது.

டில்ட் டேபிள் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பெல்ட் போட்டு மேஜையில் படுக்க வைத்து 60, 70 டிகிரிக்குச் சாய்த்து நிமிர்த்துவார்கள், நாடியும் பிபியும் தொடர்ந்து பதிவாகும். பயப்பட ஒன்றுமில்லை. மயக்கம் வந்தால் மேஜையைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

இந்தப் பெயர் வந்ததே 1993-இல்தான். அப்போது எனக்கு இரண்டு வயது. ஆனால் வியாதி பழசு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு இப்படிப் படபடப்பும் மயக்கமும் வந்ததை டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-இல் எழுதி வைத்திருக்கிறார். அவர்களையும் கோழைகள், நடிப்பவர்கள் என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோவிட் வந்துபோனபின் உலகம் முழுவதும் இந்த வியாதி நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, அதனால் இப்போது டாக்டர்களுக்கும் பெயர் பழகியிருக்கிறது. நான் பட்ட ஏழு வருடம் உங்கள் பெண்ணுக்கு ஆகாது.

இங்கிலீஷில் பாட்ஸ் என்றால் சட்டி பானைகள். அதனால் என் தம்பி மகன் இதைச் "சட்டிப்பானை வியாதி" என்பான். அத்தைக்குச் சட்டிப்பானை வந்துவிட்டது, தண்ணி கொண்டா என்று ஓடுவான். தண்ணீர் கொண்டுவருவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

14 ஏப்ரல்

உப்பு பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. எங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது 10 கிராம், கூடவே இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர். உப்பு உள்ளே போனால்தான் தண்ணீர் ரத்தத்தில் தங்கும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் பாத்ரூமுக்கு நடக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், தலையணையில் சாய்ந்தபடி அரை லிட்டர் தண்ணீரை மூன்று நாலு நிமிடத்தில் குடித்துவிடுவேன். கால்மணி நேரம் கழித்துத்தான் காலைக் கீழே வைப்பேன். இது ஒன்றுதான் எனக்கு முதல் நாளிலிருந்தே பலன் தெரிந்த விஷயம். மீதி எல்லாம் மாதக்கணக்கில் ஆனது.

அப்புறம் கேழ்வரகுக் கூழ். முதல் நாள் கரைத்துப் புளித்தது, மோர் ஊற்றி, உப்பு தாராளமாகப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கி, தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். கடைக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்துப் போவேன். ஒன்பதரை மணிக்கு ஒரு டம்ளர், பதினொன்றரைக்கு ஒரு டம்ளர். உப்பு மாத்திரை வாங்கித் தின்றவர்களுக்கு வயிற்றைக் குமட்டுகிறதாம், கூழில் அந்தத் தொல்லை இல்லை. நார்த்தங்காய் ஊறுகாயும் கை கொடுக்கும்.

அவசரத்துக்கு ஓஆர்எஸ் பவுடர். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டெட்ரா பேக்கில் ஆரஞ்சு வாசனையோடு விற்கிறதே, அதில் பலவற்றில் சர்க்கரைதான் அதிகம்.

15 ஏப்ரல்

அவசரமாக ஒரு திருத்தம். மயக்கம் வருகிறவர்கள் எல்லாரும் உப்பைக் கூட்டக்கூடாது. பிபி உள்ளவர்கள், கிட்னி கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் கூட்டவே கூடாது. தன் மாமியாருக்கு மயக்கம் வருகிறது, நேற்றிலிருந்து கூழில் உப்பைக் கூட்டிவிட்டேன் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாமியாருக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுபவர். அம்மா, இன்றைக்கே நிறுத்துங்கள். பிபி மாத்திரையாலேயே மயக்கம் வரலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் பெண்ணுக்கும் அளவை டாக்டர் சொல்லட்டும் அக்கா. அதுவரை தண்ணீரும் மோரும் போதும்.

6 மே

கத்திரி ஆரம்பித்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயிலில் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்துகொள்ளும், இருக்கிற ரத்தமும் அங்கே போய்விடும், வியர்வையில் உப்பும் தண்ணீரும் வெளியேறும். எனக்கு வருடத்தில் பாதி மயக்கம் இந்த ஒரு மாதத்தில்தான்.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி. நடந்துகொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். கஸ்டமர் இல்லாத நேரத்தில் கவுன்டர் பின்னால் அசையாமல் நிற்பதுதான் கொடுமை. கஸ்டமர் வந்தால் நாம் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அப்போதிருந்த சூப்பர்வைசர் சொல்வார். நான் காலைப் பின்னிக்கொண்டு, தொடையையும் வயிற்றையும் இறுக்கி, கை முஷ்டியை மடக்கி நிற்பேன். அப்படி நின்றால் நாலைந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குள் படுக்க இடம் பார்த்துக்கொள்ளலாம். ட்ரையல் ரூம் தரையில் எத்தனை முறை படுத்திருப்பேன் என்று கணக்கில்லை.

2022-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைத்தாக வேண்டும். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிவிட்டார்கள், இரண்டாவது நாம். நான் அந்தச் செய்தி வந்த பேப்பரை வெட்டி, டாக்டர் சீட்டோடு சேர்த்து மேனேஜரிடம் கொடுத்தேன். சண்டை போடவில்லை. "அண்ணா, நான் விழுந்தால் கஸ்டமர் முன்னாடி விழுவேன், உட்கார்ந்தால் விழமாட்டேன்" என்றேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. சிவப்பு ஸ்டூல், ஒரு கால் கொஞ்சம் ஆடும். ஒரு வாரத்தில் மற்றப் பெண்களும் மாற்றி மாற்றி அதில் உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பாட்ஸ் இல்லை, வெரிகோஸ் இருந்தது, கர்ப்பம் இருந்தது, வெறும் கால்வலி இருந்தது. இப்போது எங்கள் மாடியில் ஆறு ஸ்டூல்.

7 மே

சட்டம் வந்தது 2021. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதுப் பிரிவு சேர்த்தார்கள். எனக்கு ஸ்டூல் வந்ததுதான் 2022.

18 மே

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருடம் நான் மாடியிலிருந்துதான் பார்த்தேன். வைகாசி ஒன்றாம் தேதி, முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் உடலில் பொருந்துகிற நாள். தெருவெல்லாம் தலை, தேங்காய் உடைகிற சத்தம் விடாமல் கேட்கும். அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாத வருத்தம் எனக்கு ஒவ்வொரு வருடமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

2013-இல் கூட்டத்தில்தான் நின்றேன், ஆயாவோடு, என் பாட்டியைத்தான் சொல்கிறேன். சிரசு எங்களைத் தாண்டும்போது விழுந்தேன். சுற்றியிருந்த பெண்கள் அம்மன் இறங்கிவிட்டாள் என்று வேப்பிலையால் முகத்தில் வருடி, குங்குமம் அப்பி, கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு அம்மா குறி கேட்கவே ஆரம்பித்துவிட்டார், மகன் வேலை விஷயம். நான் மறுபடி விழுந்தேன். மறுபடி தூக்கினார்கள். ஆயாதான் கூட்டத்தை விலக்கி, "வுடுங்கடி, படுக்க வைங்க" என்று கத்தி, ஒரு வீட்டுத் திண்ணையில் கிடத்தி, காலடியில் அந்த வீட்டு அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுக் காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். "இவ நிக்க வெச்சா போறா, படுக்க வெச்சா வர்றா. இது சாமி இல்ல" என்றாள். நைனாவிடமும் அன்றைக்கு ராத்திரி அதையே சொன்னாள்.

மார்ச் 17 அன்று, 2019 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். ஆயா 2013-லேயே சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லாதது நாங்கள். டாக்டரிடம் போகும்போது, பக்கத்தில் இருந்து பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விழுகிறவளுக்கு விழுந்த பிறகு என்ன நடந்தது என்று எதுவும் தெரியாது.

சாமி வருவதை நான் மறுக்கவில்லை. என் பெரியம்மாவுக்கு வரும், நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் பெரியம்மா ஒரு மணி நேரம் நின்று ஆடுவார். என்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது.

9 ஜூன்

காலுக்குப் போடும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் உபயோகமா என்று கேள்வி. முட்டி வரை உள்ளதை ஆறு மாதம் போட்டேன். பெரிதாகப் பலன் இல்லை, மே மாதத்தில் அரிப்பு வேறு. ரத்தம் அதிகமாகத் தேங்குவது வயிற்றில், அதனால் வயிறு வரை இறுக்குகிற வகைதான் பலன் தரும்.

2022-இல் மகள் பிறந்தபோது ஆயா பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்டினாள், பிள்ளை பெற்றவளுக்கு எல்லார் வீட்டிலும் கட்டுவதுதான். அந்த நாற்பது நாளில் நான் நின்று குழந்தையைக் குளிப்பாட்டினேன். எனக்கே நம்ப முடியவில்லை. அப்புறம் கட்டை அவிழ்க்கவே மனசு வரவில்லை. இப்போது கடைக்குப் போகும்போது மருந்துக் கடையில் கிடைக்கும் வயிற்று பெல்ட், வீட்டில் சேலைத் துண்டு.

எழுதிவிட்டு யோசிக்கிறேன். அந்த நாற்பது நாளும் ஓய்வு, வேளைக்குச் சாப்பாடு, பத்தியக் குழம்பு, வெயிலில் போகவில்லை. பெல்ட்டால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெல்ட் இல்லாத நாளில் வித்தியாசம் தெரிகிறது, அதை உறுதியாகச் சொல்வேன்.

23 ஜூன்

உடற்பயிற்சி. டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, நிற்கவே முடியாதவளை ஓடச் சொல்கிறாரே என்று. அவர் சொன்னது படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் செய்கிற பயிற்சி. பாயில் மல்லாந்து ஒவ்வொரு காலாகத் தூக்குவது, இடுப்பைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து பெடல். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்தேன். முதல் மாதம் மோசமாகத்தான் இருந்தது, செய்த மறுநாள் எழ முடியாது. மூன்றாம் மாதம்தான் திரும்பியது. இப்போது லீவு நாளில் காலை ஆறு மணிக்குக் கோட்டைக்குப் போய், வெயில் ஏறுமுன் அகழி ஓரமாக இருபது நிமிடம் நடக்கிறேன். நடுவில் இரண்டு முறை உட்காருவேன்.

மாத்திரைப் பெயர் கேட்டவர்களுக்கு: ப்ரோப்ரனலால், ஐவாபிரடின், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன் என்று பல உண்டு. எனக்குக் குறைந்த அளவு ப்ரோப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. கர்ப்பத்தில் ஐவாபிரடின் ஆகாது. ஆளுக்கு ஆள் மாறும், என் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

6 ஜூலை

பெண் பார்க்க வருகிறார்கள், சொல்லலாமா வேண்டாமா என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை.

எனக்கு 2017-இல் ஒரு இடம் வந்தது. அப்போது பெயரே தெரியாது, அடிக்கடி மயக்கம் என்பது மட்டும் தெரியும். சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லி, மத்தியான வெயில், தட்டில் எட்டு டம்ளர் காபி. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்புறம் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். குனிந்தது நினைவிருக்கிறது, நிமிர்ந்தது நினைவில்லை.

2020-இல் வந்தவரிடம் நானே சொன்னேன். உட்கார்ந்துகொண்டுதான் பேசுவேன், இதுதான் காரணம் என்று. தறி ஓட்டுகிறவர். "தறியில நாங்க நாள் பூரா உக்காந்துதான் வேலை செய்யறோம்" என்றார். கல்யாணத்தில் வரவேற்புக்கு மேடையில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், போட்டோவுக்கு மட்டும் எழுந்தேன். திமிர் என்று பேசியவர்களும் உண்டு.

சொல்லிவிடு தங்கை. சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு விசேஷத்திலும் நின்று காட்ட வேண்டியிருக்கும்.

21 ஜூலை

ஆற்காட்டு அக்காவின் பெண்ணுக்கு டில்ட் டெஸ்ட் முடிந்து பாட்ஸ் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உப்பும் தண்ணீரும் அளவு சொல்லியிருக்கிறார்கள், இப்போதைக்கு மாத்திரை இல்லை. அவள் அப்பா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி வந்தாராம்.

பள்ளியில் இறைவணக்கத்துக்கு நாற்காலி தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை, "தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது" என்கிறாளாம். அவளிடம் இதைச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே பாடும் நேரம் 55 நொடி என்று இருக்கிறது. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்றும் இருக்கிறது. நிற்க முடியாதவரை நிற்கச் சொல்லி அரசாங்கமே கட்டாயப்படுத்தவில்லை. 55 நொடி அவளால் முடியும். காலைப் பின்னிக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு நிற்கட்டும். அதற்குப் பிறகு வருகிற உறுதிமொழி, செய்தி, திருக்குறள், தலைமையாசிரியர் பேச்சு எல்லாவற்றுக்கும் உட்கார்ந்துகொள்ளட்டும். தேசிய கீதத்துக்கு மறுபடி எழுந்தால் போதும். முடியாத நாளில் அதற்கும் எழ வேண்டாம்.

நாற்காலியை வெயில் படாத இடமாகப் பார்த்து, வரிசையின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், வகுப்பில் வைத்துவிட்டு வர வேண்டாம்.